தின்னாத மீன்

எங்கள் வீட்டுக்கு அந்த மீன் வந்ததற்குக் காரணம் ஒரு பணிமாற்ற உத்தரவு. என் கணவரின் அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரரை ஏனாமுக்கு மாற்றிவிட்டார்கள். காரைக்காலில் அரசு வேலையில் இருப்பவர்களுக்கு இந்தப் பயம் எப்போதும் உண்டு. புதுச்சேரி என்றால் சனி ஞாயிறு வந்துபோகலாம். மாஹே, ஏனாம் என்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான். அவர் கட்டில், பீரோ எல்லாவற்றையும் லாரியில் ஏற்றிவிட்டார். மூன்றடி நீளக் கண்ணாடித் தொட்டியையும் அதிலிருந்த ஃப்ளவர்ஹார்ன் மீனையும் அத்தனை தூரம் எப்படிக் கொண்டுபோவது என்று தெரியாமல் என் கணவரிடம் கேட்டிருக்கிறார். இவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் சரி என்று சொல்லிவிட்டு வந்தார்.

அது ஆவணியின் கடைசி வாரம். தொட்டியைக் கூடத்துச் சிமெண்டு மேடையில் இறக்கிவைத்துவிட்டு அந்த நண்பர் சொன்னவற்றையெல்லாம் நான் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன். எதையும் எழுதிவைத்தால்தான் எனக்கு நிம்மதி. ஆனால் அன்று எழுதியதைத் திரும்பப் படித்தபோது இருந்த நிம்மதியும் போனது. தனியாகத்தான் வைக்க வேண்டும். கூட எந்த மீனைப் போட்டாலும் கொன்றுவிடும். அவர் வீட்டில் ஏற்கெனவே இரண்டைக் கொன்றிருக்கிறது. தண்ணீருக்குள் கை விடக் கூடாது. வாரம் ஒரு முறை உயிருள்ள சின்ன மீன்களைத் தீனியாகப் போட வேண்டும், இல்லாவிட்டால் நிறம் மங்கிவிடும். சொல்லிக்கொண்டே அவர் தன் ஆள்காட்டி விரலை நீட்டிக் காட்டினார். நகத்துக்குக் கீழே பிறை போல ஒரு தழும்பு.

"பாப்பாவ மட்டும் பாத்துக்குங்க சிஸ்டர்" என்றார்.

பாப்பா என்றது எங்கள் மகளை. அப்போது அவளுக்கு நான்கு வயது, எல்.கே.ஜி. படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்காகத்தான் நான் பள்ளி ஆசிரியை வேலையை விட்டிருந்தேன். நண்பர் போன கையோடு தொட்டியின் மூடிமேல் இரண்டு பழைய கலைக்களஞ்சியத் தொகுதிகளை வைத்தேன். அவை போதாதோ என்று தோன்ற, இட்லிப் பானையின் மூடியையும் வைத்தேன்.

பார்ப்பதற்கு அது அழகென்று சொல்ல முடியாது. ஒரு சாண் நீளம், ரத்தச் சிவப்பு, பக்கவாட்டில் யாரோ மையால் கிறுக்கியது போலக் கறுப்புத் திட்டுகள். நெற்றியில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு புடைப்பு. எந்த ஆற்றிலும் பிறந்த மீனல்ல அது. பல இனங்களைக் கலந்து மனிதர்களே உண்டாக்கியது என்று இணையத்தில் படித்தேன். அதன் மூர்க்கத்தைப் பற்றித்தான் எல்லோரும் எழுதியிருந்தார்கள். கண்ணாடியைத் துடைக்கத் துணியோடு போனால் உள்ளிருந்து என் கைக்கு நேராக வந்து முட்டும். அந்தச் சத்தத்துக்கு நான் துணியைப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறேன். என் மகளோ முதல் நாளே அதற்கு மண்டை மாமா என்று பெயர் வைத்து, கண்ணாடியில் நெற்றியை ஒட்டிவைத்துக்கொண்டு நின்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் கணவர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் மீன் கடையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரில் கப்பி மீன்கள் வாங்கிவந்தார். கண்ணிமை நீளம்தான் இருக்கும். சாக்கடைகளில் கொசுப்புழு தின்ன விடுவார்களே, அந்த இனம். இடம் மாறிவந்த மீன் நாலைந்து நாள் சரியாகச் சாப்பிடாது, அதற்குப் பிறகு போடுங்கள் என்று கடைக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார். அதனால் கப்பிகளைக் கொல்லையில் ஒரு பேசினில் விட்டுவைத்தோம். நாலைந்து நாளில் புரட்டாசி பிறந்துவிட்டது.

புரட்டாசி முழுவதும் எங்கள் வீட்டில் அசைவம் கிடையாது. என் பிறந்த வீட்டில் சனிக்கிழமைகளில் மட்டும்தான் விடுவார்கள். மாதம் முழுக்க இருப்பது விழிதியூரில் இருக்கும் என் கணவர் வீட்டு வழக்கம். கல்யாணமாகி வந்தபின் அவர்களைவிட நான் தீவிரமாகிவிட்டேன். முட்டை போட்ட கேக்கைக்கூட வீட்டுக்குள் விடமாட்டேன். பக்தி என்று நேராகச் சொல்லிவிட முடியாது. விட்டுவிட்டால் ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம்தான் பாதி. அப்படிப்பட்டவள், கூடத்தில் விளக்கேற்றி வைத்துவிட்டு அதே கூடத்தில் உயிரோடு மீன்களைத் தூக்கி இன்னொரு மீனுக்குப் போடுவதை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது? இந்த மாதம் வேண்டாம் என்று கணவரிடம் சொல்லிவிட்டேன்.

"மீனுக்குமா வெரதம்?" என்று கேட்டார். அதற்கு மட்டும் ஏன் தனிச் சட்டம் என்றேன். அவர் சிரித்துவிட்டு ஆபீசுக்குப் போய் அங்கே எல்லோரிடமும் சொல்லிவிட்டார். அந்த மாதம் முழுவதும் அலுவலகத்தில் யாராவது ஒருவர் அவரிடம் உங்க வீட்டு மீன் மொட்டை போட்டுக்கிச்சா என்று கேட்டுக்கொண்டிருந்தார்களாம். மீனுக்குக் காய்ந்த உருண்டைத் தீவனத்தை மட்டும் போட்டோம். அதை மீன் தூளில் செய்கிறார்கள் என்று பாக்கெட்டின் பின்பக்கத்தில் படித்தேன். படித்ததைக் கணவரிடம் சொல்லவில்லை.

இரண்டாவது சனிக்கிழமை பெருமாளுக்குத் தளிகை போடும் நாள். நான் சமையலறையில் புளியோதரை கிளறிக்கொண்டிருந்தேன். மாவிளக்குக்கு வெல்லம் இடித்து வைத்திருந்தேன். கூடத்தில் ஸ்டூல் இழுக்கும் சத்தம் கேட்டது. போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே அடுப்பைக் குறைத்தேன். போனபோது என் மகள் ஸ்டூல்மேல் நின்றிருந்தாள். மூடியின் ஓரத்தில் தீவனம் போடுவதற்காக ஒரு சின்னத் திறப்பு உண்டு. அது வழியாக டம்ளரால் கப்பிகளை ஊற்றிக்கொண்டிருந்தாள். கொல்லையிலிருந்து தண்ணீர்க் கோடு கூடம்வரை நீண்டிருந்தது. எத்தனை முறை போய்வந்தாளோ.

"அது தனியா இருக்குல்ல. அதான்" என்றாள்.

அவளை இடுப்பில் தூக்கி முகத்தை என் தோளில் அழுத்திக்கொண்டேன், அவள் பார்க்கக் கூடாதென்று. நான் பார்த்தேன். கப்பிகள் எந்த இடத்துக்கு வந்திருக்கிறோம் என்று தெரியாமல் நாலா பக்கமும் சிதறின. மண்டை மாமா தொட்டியின் நடுவில் அசையாமல் நின்றது. பின்பு மெல்ல ஒரு கப்பியின் பின்னால் போனது. அது திரும்பினால் இதுவும் திரும்பியது. மூக்குக்கும் வாலுக்கும் நடுவே ஒரு விரற்கடைகூட இல்லை. வாய் திறக்கவில்லை. அப்புறம் அடுத்ததின் பின்னால் போனது. ஒவ்வொன்றையும் அப்படிப் பார்த்துவிட்டு மறுபடி நடுவில் வந்து நின்றுகொண்டது. பதினோரு கப்பிகள். அடுப்பில் புளியோதரை அடிப்பிடிக்கும் வாசனை வந்த பிறகுதான் எனக்கு நினைவு வந்தது.

மறுநாள் காலை எண்ணினேன். பதினொன்று. அதற்கு மறுநாளும்.

வலையால் பிடித்து வெளியே எடுத்துவிடலாம் என்று தினமும் நினைப்பேன். தினமும் தொட்டி முன்னால் போய் நின்றால் எடுக்கத் தோன்றாது. இப்படியொன்றை நான் எங்கும் படித்ததில்லை. கப்பிகளுக்கு ஒரு வாரத்தில் பயம் போய்விட்டது. அதன் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு செதிலைக் கொத்தின. அது கண்ணை உருட்டுமே தவிர விலகாது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது தீவனம் போடும் நேரத்தில்தான். உருண்டை அந்தக் கப்பிகளின் வாய்க்குள் போகாது. இது வாயில் போட்டு அரைக்கும்போது செவுள் வழியாகத் தூள் புகை போல வெளியே வரும். அந்தப் புகைக்குள் பதினோரு கப்பிகளும் நின்று சாப்பிட்டன. அது அரைத்து முடிக்கும்வரை ஓரிடத்திலேயே நின்றது. வேண்டுமென்றேதான் நின்றதா, எல்லா மீன்களும் அப்படித்தான் நிற்குமா, தெரியவில்லை. மகளுக்குப் பாலில் சோற்றைப் பிசைந்து ஊட்டிய நாட்களில் நானும் அப்படித்தான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். ஆனால் அதையும் இதையும் சேர்த்துவைத்து யோசிப்பது சரியா என்றும் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

கடைக்குத் தீவனம் வாங்கப் போனபோது கடைக்காரரிடம் சொன்னேன். அவர் கையிலிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"அது ஃப்ளவர்ஹார்னு தங்கச்சி, ஆடு இல்ல. இன்னிக்குத் திங்கலன்னா நாளைக்குத் திங்கும். ஒரு நாளு நீங்க காலைல எந்திரிச்சு பாப்பீங்க, தொட்டி காலியா கெடக்கும்."

இருபது வருடமாக மீன் விற்கிறவர். அவர் சொல்வது சரியாகத்தான் இருக்கும். இணையத்தில் எழுதுகிறவர்களும் அதையே சொன்னார்கள். ஒரே ஓர் ஆள் மட்டும் ஒவ்வொரு மீனுக்கும் தனிக் குணம் உண்டு என்று எழுதியிருந்தார். அவருக்குக் கீழே பத்துப் பேர் அவரைக் கேலி செய்திருந்தார்கள்.

இதற்கிடையில் என் மகள் ஒவ்வொரு நாளும் பள்ளிக்குக் கிளம்பும்போது ஒரே கேள்வியைக் கேட்டாள். "அம்மா, அது தின்னாதுல்ல?"

தின்னாது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு காலையும் நம்பாமலேயே சொன்னேன். நான் சொல்லிவிட்டால் அது அவளுக்கு முடிந்துபோன விஷயம். ஷூவை மாட்டிக்கொண்டு ஆட்டோவில் ஏறிவிடுவாள். அந்தக் கப்பிகளைத் தொட்டியில் விட்டவள் அவள். ஒரு நாள் வந்து பார்க்கும்போது அவை இல்லாவிட்டால், தான் விட்டதால்தான் என்று அவள் நினைப்பாள். நான் சொன்னது பொய் என்றும் தெரிந்துகொள்வாள். நான்கு வயதில் இவை இரண்டும் ஒன்றாக நடப்பதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்காது.

புரட்டாசி முடிந்து வந்த முதல் ஞாயிறு ஊரே மீன் வாங்கப் போனது. என் கணவர் காலையிலேயே பட்டினச்சேரிக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போய் இறாலும் சங்கராவும் வாங்கிவந்தார். ஒரு மாதத்துக்குப் பிறகு வீட்டில் குழம்பு கொதிக்கும் வாசனை. என் மகள் இறால் உரிப்பதைப் பார்த்துக்கொண்டே, இனிமேல் மண்டை மாமாவும் மீன் சாப்பிடலாமா என்று கேட்டாள். விரதம் எல்லோருக்கும்தானே முடிந்தது என்பது அவள் கணக்கு. நான் பதில் சொல்வதற்குள் என் கணவர் உரித்த இறால் ஒன்றை எடுத்துத் தொட்டியில் போட்டார்.

அந்த மாதத்தில் நான் பார்க்காத மீன் அது. அடியிலிருந்து அம்பு போல வந்து கவ்வியது. தண்ணீர் மூடியில் அறைந்தது, கூழாங்கற்கள் எகிறின. பதினோரு கப்பிகளும் ஃபில்டருக்குப் பின்னால் ஓடி ஒளிந்தன.

"வெரதம் முடிஞ்சுருச்சு" என்றார் என் கணவர்.

அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை. மறுநாள் திங்கட்கிழமை, நல்ல மழை. மகளை ஆட்டோவில் ஏற்றிவிட்டு வந்த உடனே வலையை எடுத்தேன். கப்பிகளைப் பிரித்துவிட வேண்டும், இன்றைக்கே, அவள் திரும்புவதற்குள். அதைத் தவிர வேறெதுவும் மனதில் இல்லை. பேசினைக் குழாயடியில் வைத்துத் தண்ணீர் பிடித்தேன், கூடத்தில் வைத்து, கப்பிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து அதில் விட்டேன். முடித்ததும் பெரிய காரியத்தைச் செய்துவிட்ட மாதிரி மூச்சுவிட்டேன். துணி மடித்தேன். அரைமணி நேரம் கழித்துப் பேசினைப் பார்த்தபோது நான்கு கப்பிகள் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. மீதியிருந்தவை மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

குனிந்தபோதுதான் அந்த நெடி மூக்கில் ஏறியது. மழைக்காலம் என்று குழாய்த் தண்ணீரில் ப்ளீச்சிங் பவுடரை அதிகம் கலந்திருக்கிறார்கள். முன்பு இதே பேசினுக்கு ஒவ்வொரு முறையும் முதல் நாளே தண்ணீர் பிடித்துத் திறந்துவைத்து, குளோரின் போன பிறகுதான் மாற்றியிருக்கிறேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்தியவள் நான். குளோரின் செவுளை எரிக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மண்டை மாமா மூன்று வாரமாகச் செய்யாததை நான் அரைமணி நேரத்தில் செய்திருந்தேன்.

கணவருக்குப் போன் செய்தேன். அழுதுகொண்டே சொன்னதில் முதலில் அவருக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்த பிறகு குரலைத் தணித்துக்கொண்டு பேசினார்.

"பாப்பாட்ட அது தின்னுருச்சுன்னு சொல்லிடு. அது திங்கும்னுதான எல்லாருக்கும் தெரியும்."

யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்பது உண்மைதான். கடைக்காரர் நான் சொன்னேன்ல என்பார். நான் நிமிர்ந்து தொட்டியைப் பார்த்தேன். காலையில் போட்ட உருண்டைகள் தொடப்படாமல் அடியில் ஊறிக் கிடந்தன. மண்டை மாமா பேசின் இருந்த பக்கத்துக் கண்ணாடியில் வாயை வைத்துக்கொண்டு மேலும் கீழுமாகப் போய்க்கொண்டிருந்தது. பேசினுக்குள் இருப்பது அதற்குத் தெரிந்ததா, என்னைப் பார்த்துத் தீனி கேட்டதா, இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் போனை வைத்துவிட்டேன்.

வாசலில் ஆட்டோ சத்தம் கேட்டது. எல்.கே.ஜி.க்கு அரைநாள்தான் பள்ளி, மழை என்று அன்று அதற்கும் முன்னாலேயே விட்டுவிட்டார்கள். அவள் பையோடு உள்ளே வந்தாள், பேசினைப் பார்த்தாள், தொட்டியைப் பார்த்தாள். அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, அம்மா அவசரத்தில் கெட்ட தண்ணீரில் விட்டுவிட்டேன், நான்கு செத்துப்போய்விட்டன, அம்மா செய்த தப்பு என்று சொன்னேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன்.

"நீதான அது தின்னாதுன்னு சொன்ன. அப்பறம் ஏன் எடுத்த?"

பேசினில் ஐந்தாவது மீன் ஒருக்களித்தது. குடிக்கிற கேன் தண்ணீர் அடியில் ஒரு சொம்புதான் இருந்தது. மழையில் கடைக்குப் போய்க் குளோரினை முறிக்கும் மருந்து வாங்கிவருவதற்குள் எதுவும் மிஞ்சாது. வீட்டில் அந்த மீன்கள் பிழைக்கக்கூடிய நல்ல தண்ணீரும், எரிந்த செவுளுக்கு வேண்டிய காற்றுக் குமிழியும் ஒரே இடத்தில்தான் சேர்ந்து இருந்தன, அங்கே பசியோடு ஒரு ஃப்ளவர்ஹார்ன் சுற்றிக்கொண்டிருந்தது. நன்றாக நீந்தும் மீன்களையாவது அது விட்டுவைத்தது. சாய்ந்து தள்ளாடும் மீனை எந்த வேட்டை மீனும் விடாது என்றுதான் எல்லோரும் எழுதியிருந்தார்கள்.

"அங்கயே விடும்மா" என்றாள் என் மகள்.

அவளை வேறு அறைக்குப் போகச் சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லவில்லை. மூடிமேலிருந்த சாமான்களை இறக்கினேன். ஒருக்களித்துக் கிடந்ததைத்தான் முதலில் வலையில் எடுத்தேன். தின்றால் எப்படியும் சாகப்போவதைத் தின்னட்டும் என்று ஒரு கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கைப் போட்டதற்கு உடனே வெட்கமாகவும் இருந்தது. வலையைக் கவிழ்த்தேன். கப்பி நீந்தவில்லை, உதிர்ந்த பூவிதழ் போலச் சாய்ந்து சாய்ந்து கீழே இறங்கியது.

மண்டை மாமா வந்தது. முந்தைய நாள் இறாலுக்கு வந்த வேகத்தில் வரவில்லை. நேராக வந்து வாயைத் திறந்தது, கப்பி உள்ளே போனது, வாய் மூடியது.

என் மகள் என் கட்டைவிரலைப் பிடித்திருந்தாள். நான் அதன் செவுளையே பார்த்துக்கொண்டிருந்தேன், அங்கிருந்து தூள் வரப்போகிறது என்று. கன்னம் அசையவில்லை. வாயை மூடியபடியே அது திரும்பி, காற்றுக் குமிழிகள் கிளம்பும் மூலைக்குப் போனது. அங்கே வாயைத் திறந்தது. கப்பி முழுசாக வெளியே வந்தது. குமிழிகள் அதைக் கொஞ்சம் மேலே தூக்கின, மறுபடி சரிந்து கீழே இறங்கியது. மண்டை மாமா மறுபடி வாயில் எடுத்தது, மறுபடி குமிழிகளுக்கு நடுவே கொண்டுபோய் விட்டது. மூன்றாவது முறை விட்டபோது கப்பியின் வால் ஒரு தடவை ஆடியது. பின்பு இரண்டு தடவை. சாய்வாகவேதான் என்றாலும், தானாக நீந்தி ஃபில்டர் குழாயின்மேல் போய் ஒட்டிக்கொண்டது.

மீதி ஆறையும் ஒன்றன்பின் ஒன்றாக விட்டேன். அவற்றில் இரண்டை அதே மாதிரி வாயில் எடுத்து அதே மூலையில் கொண்டுபோய் விட்டது. மற்றவற்றை மூக்கால் தள்ளியது.

பின்னால் நான் இதை எல்லாப் பக்கமும் திருப்பித் திருப்பி யோசித்துவிட்டேன். குளோரின் கசப்பு பிடிக்காமல் துப்பியிருக்கும் என்று கடைக்காரர் சொல்லக்கூடும். இருக்கலாம். ஆனால் கசந்ததை யாரும் மூன்று தடவை வாயில் எடுக்க மாட்டார்கள். இந்த மீனின் முன்னோர்களில் சில இனங்கள் வழிதவறிய தம் குஞ்சுகளை வாயில் கவ்விக் கொண்டுவந்து கூட்டில் விடும் என்று ஒரு கட்டுரையில் பின்பு படித்தேன். ஆனால் இவை அதன் குஞ்சுகள் அல்ல, அதன் இனம்கூட அல்ல, அதற்கு விற்கப்பட்ட தீனி. அன்று அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு இந்த யோசனை எதுவும் ஓடவில்லை. கோயிலில் திரை விலகும்போது ஒரு நொடி எல்லோரும் பேச்சை நிறுத்துவார்களே, அந்த நொடி நீண்டுகொண்டே போன மாதிரி இருந்தது. தரையில் சிந்தியிருந்த தண்ணீரில் என் புடவை நனைந்துகொண்டிருந்தது. எழுந்திருக்க முடியவில்லை.

என் மகள் சீருடையைக்கூட மாற்றவில்லை. தட்டைக் கொண்டுவந்து தொட்டி முன்னாலேயே வைத்து ஊட்டினேன். செத்த நான்கையும் மழை விட்டபின் கொல்லையில் செம்பருத்திச் செடிக்கடியில் புதைத்தோம். அவளே மண்ணைத் தள்ளி மூடினாள். என்மேல் கோபமாக இருக்கிறாளா என்று அவள் முகத்தை நாலைந்து தடவை பார்த்தேன். கை கழுவிவிட்டு வந்து மறுபடி தொட்டி முன்னால், என் மடியில்தான் உட்கார்ந்தாள்.

ஆறு மணிக்கு என் கணவர் வந்தார். மகளிடம் என்ன சொல்லியிருக்கிறேன் என்று தெரியாததால் வாசலிலேயே தயங்கி நின்று என் முகத்தைப் பார்த்தார்.

"அப்பா, அம்மா கெட்ட தண்ணில விட்டுட்டாங்க. அது வாய்க்குள்ள வச்சு எடுத்துட்டு வந்து குடுத்துச்சு" என்றாள் மகள்.

நிஜமா என்பது போல என்னைப் பார்த்தார். தலையசைத்தேன். ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டே எங்கள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். எத்தனை இருக்கிறது என்று கேட்டார். ஏழு என்றேன். விரலைக் கண்ணாடியில் வைத்து எண்ணினார். ஆறுதான் வந்தது. மறுபடி முதலிலிருந்து எண்ணினார். நானும் குனிந்து எண்ண ஆரம்பித்தேன். மகள் எழுந்துபோய் அவர் விரலைப் பிடித்து நகர்த்திக் காட்டினாள். ஏழாவது, அந்தப் பெரிய மீனின் பக்கத் துடுப்புக்குக் கீழே, அது அசையும்போது தானும் அசைந்துகொண்டு நின்றிருந்தது.